மருத்துவர் இல்லாதவர்க்கும் மருத்துவர்: அர்ராஸியின் வாழ்வும் பணியும்

முன்னுரை

உடல்நலம் இறைவன் மனிதனிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பேணவும், நோயுற்ற காலத்துத் தக்க மருத்துவத்தை நாடவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் சமுதாயத்திற்குக் கற்பித்தார்கள். திருவள்ளுவரும் மருந்து என்று ஓர் அதிகாரம் அமைத்து, நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்று வகுத்தார். இந்நான்கனுள் மருத்துவர் மட்டும் கிட்டாத வீடு என்ன செய்யும்? பொருளில்லாத ஏழையும் நெடுவழி செல்லும் பயணியும் நள்ளிரவில் காய்ச்சலுற்ற குழந்தையை மடியில் கிடத்தியிருக்கும் தாயும் யாரிடம் வழி கேட்பர்? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வினாவை எண்ணி, அதற்கென்றே ஒரு நூலும் இயற்றியவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி. மேலைநாட்டார் அவரை ரேஸஸ் என்பர். அவருடைய வாழ்வைச் சுருக்கமாகக் கூறி, அதிலிருந்து இன்றைய குடும்பங்கள் பெறத்தக்க பயனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரய் நகரின் மைந்தர்

இன்றைய ஈரான் நாட்டின் தலைநகராகிய தெஹ்ரானுக்குத் தெற்கே, அதனை ஒட்டியமைந்த பழம்பெரும் நகரம் ரய். அந்நகரைச் சார்ந்தவர் என்பதையே ராஸி என்னும் பெயர் குறிக்கும். இப்பெயர் கொண்ட அறிஞர் பலர் உளர். திருமறை விரிவுரையால் புகழ்பெற்ற இமாம் ஃபக்ருத்தீன் ராஸி அவர்கள் வேறு. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட நம் மருத்துவர் வேறு.

அர்ராஸி ஹிஜ்ரி 251இல், அஃதாவது கி.பி. 865இல் பிறந்தார். இளமையில் இசையிலும் பின்னர் இரசவாதத்திலும் அவர் ஈடுபட்டிருந்தார் என்றும், முப்பது வயதைக் கடந்த பின்னரே மருத்துவக் கல்வியில் புகுந்தார் என்றும் பழைய வரலாற்றாசிரியர்கள் கூறுவர். இரசவாத உலையின் புகையும் ஆவியும் கண்ணைக் கெடுத்தமையே அவரை மருத்துவத்தின்பால் திருப்பிற்று என்று அல்பீரூனி எழுதுகிறார். காலந்தாழ்ந்து தொடங்கினும், ரய் நகர மருத்துவமனைக்கும் பின்னர் பக்தாத் நகர மருத்துவமனைக்கும் தலைமை ஏற்கும் அளவிற்கு அவர் உயர்ந்தார். அவருடைய நூல்களின் பட்டியலைத் தொகுத்த அல்பீரூனி 184 தலைப்புகளைக் குறிப்பிடுகிறார். மெய்யியல் துறையில் அவர் கொண்ட கருத்துகள் சிலவற்றை அக்கால அறிஞர்கள் கடுமையாக மறுத்துள்ளனர். ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது அவருடைய மருத்துவப் பணியை மட்டுமே.

அர்ராஸியைக் குறித்து நம் மேடைகளில் பெரிதும் பேசப்படும் கதை ஒன்றுண்டு. பக்தாதில் மருத்துவமனை கட்ட இடம் தேடியபோது, நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எவ்விடத்து இறைச்சி மிகத் தாமதமாகக் கெட்டதோ அவ்விடத்தை அவர் தேர்ந்தார் என்பதே அது. இக்கதை அழுதீ மருத்துவமனையோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அம்மருத்துவமனை தொடங்கியதோ ஏறத்தாழ கி.பி. 982இல்; அர்ராஸி மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆன பின்னர். எனவே இதனை வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும், சோதித்து அறிந்த பின்னரே முடிவு செய்பவர் என்ற பெயர் அவருக்கு இருந்தமையாலேயே இக்கதை அவர்மேல் ஏறியது எனலாம்.

மருத்துவமனையும் மாணவர் வட்டமும்

அர்ராஸி நோயாளரைப் பார்க்கும் முறையை இப்னு நதீம் என்னும் நூற்பட்டியல் அறிஞர் விவரிக்கிறார். ஆசிரியர் நடுவே அமர்வார். அவரைச் சுற்றி மூத்த மாணவர், அவரைச் சுற்றி அடுத்த நிலை மாணவர், அதற்கும் அப்பால் புதிய மாணவர் என வட்டங்கள் அமையும். நோயாளி முதலில் வெளிவட்டத்தாரிடம் தம் துன்பத்தைச் சொல்வார். அவர்களால் இயலாதாயின் அடுத்த வட்டத்தார் ஆராய்வர். அவர்களுக்கும் விளங்காதபோதே ஆசிரியர் தாமே விடை கூறுவார். இன்றைய மருத்துவக் கல்லூரிகளில் நோயாளியின் படுக்கையருகே நிகழும் பயிற்சியை இம்முறை நமக்கு நினைவூட்டுகின்றது.

அவர் ஏழையரிடம் இரக்கம் மிக்கவர். வறிய நோயாளர்க்கு மருத்துவத்தோடு பொருளுதவியும் செய்தவர். எழுதாமல் இருந்த நேரம் அரிது என்று சொல்லத்தக்க உழைப்பாளி என்றும் அதே ஆசிரியர் குறிப்பிடுகிறார். ஓராண்டில் இருபதாயிரம் தாள்களுக்கு மேல் நுண்ணிய எழுத்தில் எழுதியதாகவும், ஒரு பெருநூலுக்காகப் பதினைந்து ஆண்டுகள் இரவு பகலாக உழைத்ததில் கண்பார்வை மங்கிக் கைத்தசையும் தளர்ந்ததாகவும், இறுதியில் பிறரைக் கொண்டு படிக்கவும் எழுதவும் நேர்ந்ததாகவும் அர்ராஸி தம் வாழ்நெறி பற்றிய சிறுநூலில் தெரிவிக்கிறார்.

தவறும் பதிவாயிற்று

அவர் எழுதிக் குவித்த குறிப்புகளே பின்னாளில் அல்ஹாவி என்னும் மாபெரும் மருத்துவக் களஞ்சியமாயின. அவர் மறைந்த பின்னர், இப்னுல் அமீத் என்னும் அமைச்சர் அக்குறிப்புகளை அவருடைய சகோதரியிடமிருந்து பெற்று, மாணவர்களைக் கொண்டு முறைப்படுத்தினார் என்பர். கிரேக்க, சிரிய, இந்திய, அரபு மருத்துவர்களின் கருத்துகளை ஒவ்வொரு நோயின் கீழும் தொகுத்து, முடிவில் தம் சொந்த அனுபவத்தை அவர் எழுதி வைத்திருந்தார். 1279இல் சிசிலி மன்னர் சார்லஸின் ஆணைப்படி ஃபரஜ் பின் ஸாலிம் என்னும் யூத அறிஞர் இதனை லத்தீனில் பெயர்த்தார். 1486இல் இத்தாலியின் பிரெஸ்சியா நகரில் அது அச்சேறியது. அரபு மூலத்தை நம் ஹைதராபாத் நகரின் தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யா நிறுவனம் 1955 முதல் பல தொகுதிகளாகப் பதிப்பித்து உலகிற்கு அளித்தமை நாம் பெருமை கொள்ளத்தக்கது.

அல்ஹாவியில் காணப்படும் நோயாளர் வரலாறுகளுள் 33ஐ மாக்ஸ் மேயர்ஹோஃப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் 1935இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் கண்டது. சில நாள் குளிரும் நடுக்கமும் உடன் வந்தன. சிறுநீரும் அடிக்கடி கழிந்தது. அர்ராஸி முதலில் இதனை முறைக்காய்ச்சலாகவும் இருக்கலாம், சிறுநீரகத்தில் கட்டியாகவும் இருக்கலாம் என்று இருவழியில் எண்ணினார். சில நாளில் சிறுநீரில் சீழ் வெளிப்பட்டது. சிறுநீரகக் கட்டி என்பது உறுதியாயிற்று. அதற்கேற்ப மருந்தளிக்க, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் நோயாளி நலம் பெற்றார்.

இத்துடன் அர்ராஸி நிறுத்தவில்லை. முதலிலேயே ஏன் உறுதியாகக் கூறவில்லை என்பதற்கான காரணத்தையும் எழுதி வைத்தார். எழுந்து நிற்கும்போது இடுப்பில் பாரம் தொங்குவது போன்ற உணர்வு இருப்பதாக நோயாளி சொல்லவில்லை. தாமும் கேட்கத் தவறிவிட்டார். பக்தாதின் பெருமருத்துவர், பின்வருவோர் அதே இடத்தில் இடறாதிருக்கும் பொருட்டுத் தம் குறையைத் தாமே பதிந்தார். நோயாளியின் குடும்பத்தார்க்கும் இதில் பாடம் உண்டு. மருத்துவர் கேளாவிடினும் உடலில் கண்ட மாற்றம் அனைத்தையும் நாமே எடுத்துரைத்தல் வேண்டும். முந்தைய சோதனை முடிவுகள், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்கள், ஒவ்வாத மருந்துகள், பெற்றோர்க்கு இருந்த நீரிழிவு, இதய நோய் முதலியன ஆகிய இவற்றை எழுதி ஒரு கோப்பில் வைத்திருக்கும் வீடு பாதி மருத்துவத்தை முன்னரே செய்து முடித்த வீடாகும்.

அம்மை நோய் குறித்த ஆய்வு

பெரியம்மையையும் தட்டம்மையையும் அறிகுறிகளைக் கொண்டு பிரித்துக் காட்டும் தனி நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழமையானது அர்ராஸியின் அல்ஜுதரீ வல்ஹஸ்பா. பெரியம்மையில் முதுகுவலி மிகுதி. தட்டம்மையில் குமட்டலும் மனக்கலக்கமும் மிகுதி என்று அவர் நுணுகி உரைத்தார். கொப்புளம் தோன்றியவுடன் கண்களைக் காக்க வேண்டுமென வற்புறுத்தினார். நோய்க்காரணமாக அவர் கூறிய குருதிக் கொதிப்புக் கொள்கை இன்று நிலைபெறவில்லை. ஆயினும் நோயைக் கண்டு எழுதிய அவருடைய கண்கள் பிழைபடவில்லை. இந்நூல் பல முறை லத்தீனில் பெயர்க்கப்பட்டது. 1848இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

1796இல் எட்வர்டு ஜென்னர் அம்மைத் தடுப்பு முறையைச் சோதித்துக் காட்டினார். இந்தியாவில் 1975இல் பெரியம்மை முடிவுற்றது. 1980இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அர்ராஸி பிரித்துக் காட்டிய இரு நோய்களுள் ஒன்று மறைந்தது. மற்றொன்றாகிய தட்டம்மை இன்றும் நம்மிடையே உள்ளது. குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்ததும் முதல் தவணை, பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்திற்குள் இரண்டாம் தவணை என இரு தடுப்பூசிகள் நம் நாட்டில் அரசு நிலையங்களில் கட்டணமின்றிப் போடப்படுகின்றன. ஒரு தவணையோடு நிறுத்துவது பாதி கட்டிய மதிலுக்கு ஒப்பாகும். தட்டம்மை கண்ட குழந்தைக்கு வைட்டமின் ஏ அளிக்க வேண்டும் என்று இன்றைய மருத்துவம் கூறுவதும் பார்வையைக் காப்பதை ஒரு நோக்கமாகக் கொண்டதே. கண்களைக் காக்கச் சொன்ன அர்ராஸியின் கவலை இன்றும் பொருளுடையதாகவே இருக்கின்றது.

ஒப்பிட்டறியும் முறை

மூளைச்சவ்வு அழற்சியின் முன்னறிகுறி கண்ட நோயாளருள் ஒரு சாராருக்குக் குருதி வடித்து, மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே வடியாது விட்டு, இரு சாராரின் நிலையையும் ஒப்பிட்டதாக அல்ஹாவியில் அர்ராஸி எழுதுகிறார். அந்நோய்க்குக் குருதி வடித்தலை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் மருந்து பயன் தந்ததா என்பதை, மருந்து பெறாதாரோடு ஒப்பிட்டே அறிய இயலும் என்னும் கருத்தின் தொடக்க வடிவம் இங்கே காணப்படுகின்றது. பாதரசத்தின் தன்மையை அறிய அதனைக் குரங்கிற்குக் கொடுத்துப் பார்த்ததும் இத்தகைய முயற்சியே.

இம்முறை வளர்ந்து முதிர்ந்த நிலையில் உலகிற்குப் பெரும்பயன் தந்த இடங்களுள் சென்னையும் ஒன்று. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மருந்தை வீட்டிலிருந்தே உட்கொண்டோரையும் நோயாளர் விடுதியில் தங்கி உட்கொண்டோரையும் ஒப்பிட்டது. வீட்டு மருத்துவமும் விடுதி மருத்துவத்திற்கு ஈடான பயன் தரும் என 1959இல் வெளியான அதன் முடிவு காட்டிற்று. பல மாதங்கள் குடும்பத்தைப் பிரிந்து கிடக்க வேண்டிய துன்பம் எத்தனையோ நோயாளர்க்கு இதனால் நீங்கிற்று. குறித்த காலம் முழுவதும் மருந்தை விடாது உட்கொள்ள வேண்டும் என்பதே அதற்குரிய நிபந்தனை. இருமல் நின்றவுடன் மருந்தை நிறுத்துவோர் இதனை மறத்தல் ஆகாது.

போலி மருத்துவரைச் சாடுதல்

மக்கள் தேர்ந்த மருத்துவரை விடுத்துப் போலிகளை நாடுவது ஏன் என்பதை ஆராய்ந்து அர்ராஸி தனிநூல் ஒன்று எழுதினார். ரய் நகர ஆளுநர் மன்ஸூர் இப்னு இஸ்ஹாக்கிற்குக் காணிக்கையாக்கிய அல்மன்ஸூரி நூலிலும் போலிகளின் தந்திரங்களை வெளிப்படுத்தினார். காதினின்று புழுவையும் மூக்கினின்று பாம்பையும் நாவின் கீழிருந்து தவளையையும் எடுப்பதாகக் காட்டும் மோசடிகள் அவற்றுட் சில. கையில் மறைத்து வைத்திருந்ததையே எடுத்துக் காட்டுகின்றனர் என்று அவர் விளக்கினார்.

பத்துப் பகுதிகளைக் கொண்ட இந்நூலை பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெரார்டு என்பவர் டொலேடோ நகரில் லத்தீனில் பெயர்த்தார். தலை முதல் கால் வரை தோன்றும் நோய்களைக் கூறும் ஒன்பதாம் பகுதி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் பாடமாக இருந்தது.

தவளை எடுப்போர் இன்று வேறு உருவில் வருகின்றனர். நீரிழிவையும் புற்றுநோயையும் சில நாளில் வேரறுப்போம் என்போர் எக்காலத்தும் உளர். இத்தகைய விளம்பரங்களைத் தடை செய்யும் சட்டம் நம் நாட்டில் 1954இலேயே இயற்றப்பட்டது. 2017இல் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது கைப்பேசி வழியே வதந்திகள் பரவிப் பெற்றோர் பலர் அஞ்சியதையும் நாம் கண்டோம். செய்தி யாரிடமிருந்து வந்தது, அவர் அத்துறை கற்றவரா, சோதனைக்குச் சான்று உண்டா எனக் கேட்டறிதல் கற்றோர் கடமை.

மருத்துவர் இல்லாதவர்க்கென ஒரு நூல்

அர்ராஸியின் நூல்களுள் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது, மருத்துவர் அருகில் இல்லாதவர்க்கென அவர் எழுதியதாகும். ஏழையரின் மருத்துவம் என்றும் அது வழங்கப்பெறும். அரசவையின் அரிய மருந்துகளை விடுத்து, சமையலறையிலும் கடைத்தெருவிலும் படைவீட்டிலும் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டே மருத்துவம் கூறும் நூல் அது. உணவால் தீரும் நோய்க்கு மருந்து வேண்டா, ஒரு பொருளால் தீருமிடத்துப் பல பொருள் கூட்டிய மருந்து வேண்டா என்பது அவருடைய கொள்கை. நம்பிக்கைக்குரிய ஒரே மருத்துவரைத் தொடர்ந்து நாடுமாறும் அவர் அறிவுறுத்தினார். பலரிடம் மாறி மாறிச் செல்பவர் ஒவ்வொருவரின் பிழைக்கும் ஆளாக நேரும் என்பது அவர் கண்ட உண்மை.

அந்நூலின் மருந்துகளை இன்று அப்படியே கையாள வேண்டும் என்பது நம் கருத்தன்று. அதன் நோக்கமே நமக்கு வேண்டுவது. 1971இல் வங்க அகதிகள் நிறைந்திருந்த போங்காவ் முகாமில் வாந்திபேதி பரவி, நரம்பில் ஏற்றும் நீர்மம் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். உறவினரே கோப்பையில் ஊட்ட, இறப்புகள் பெரிதும் குறைந்தன. அக்கரைசலே இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக எங்கும் கிடைக்கின்றது. அதனை ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருத்தலும், பொட்டலத்தில் குறித்த அளவு தூய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுதலும் வேண்டும். குழந்தை குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து மயங்கினாலோ, மலத்தில் குருதி கண்டாலோ காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருத்துவர் வரும்வரை செய்யத்தக்கதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும் என்பதே அர்ராஸி விரும்பியது.

வக்ஃபும் காப்பீடும்

அறிவு வீட்டை எட்டினாலும் செலவு என்னும் சுமை எஞ்சி நிற்கும். இஸ்லாமிய நாடுகளில் இச்சுமையைத் தாங்கியது வக்ஃபு என்னும் அறக்கட்டளை. நிலமும் கடையும் இறைவனுக்காக அர்ப்பணிக்கப்பட்டு, அவற்றின் வருவாயில் மருத்துவமனைகள் இயங்கின. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மருத்துவமனை செல்வர், ஏழை, ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் திறந்திருந்தது.

பலர் கூடி ஒருவரின் இடரைத் தாங்குதல் என்னும் இக்கருத்தே காப்பீட்டிற்கும் அடிப்படை. கூட்டுப் பொறுப்பின் வழியில் அமைந்த தகாஃபுல் நிறுவனம் 1979இல் சூடானில் தோன்றியது; மலேசியா 1984இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. தமிழகத்தில் 2009 முதல் அரசே ஏழைக் குடும்பங்களுக்கு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடத்தி வருகின்றது. தகுதியுள்ள குடும்பம் நோய் வருமுன்னரே அதற்குரிய அட்டையைப் பெற்று வைத்தல் அறிவுடைமை. வணிகக் காப்பீடு குறித்து மார்க்க ஐயம் உடையோர் தக்க ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக.

காப்பீடு எடுப்போர் கருத வேண்டுவன சில. இருக்கின்ற நோயை மறைத்து விண்ணப்பத்தை நிரப்புதல் கூடாது. மறைத்தது வெளிப்படின் வேண்டிய நேரத்தில் உதவி மறுக்கப்படும். முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024ஆம் ஆண்டின் விதிப்படி அது 36 மாதத்திற்கு மேற்படலாகாது. ஆதலின் உடல் நலமாக இருக்கும்போதே காப்பீடு பெறுதல் நன்று. அறை வாடகைக்கு வரம்பு உண்டா, அருகிலுள்ள எந்த மருத்துவமனைகளில் முன்பணமின்றிச் சேரலாம், எந்நோய்கள் விலக்கப்பட்டுள்ளன என்பவற்றைப் படித்தறிந்து, புதுப்பிக்கும் நாளையும் தவறாது நினைவிற் கொள்ள வேண்டும்.

இறுதி நாள்கள்

முதுமையில் அர்ராஸியின் பார்வை முற்றிலும் மறைந்தது. கண்ணுக்கு மருத்துவம் செய்ய வந்தவரிடம் கண்ணில் எத்தனை படலங்கள் உள்ளன என்று அவர் வினவினார் என்றும், விடை வாராமையால் மருத்துவத்தை மறுத்துவிட்டார் என்றும் கூறுவர். இவ்வுலகை வேண்டிய மட்டும் கண்டாயிற்று என்னும் மனநிறைவும் அவரிடம் இருந்ததாம். ஹிஜ்ரி 313 ஷஅபான் மாதம் 5ஆம் நாள், கி.பி. 925 அக்டோபரில், பிறந்த ஊராகிய ரய் நகரிலேயே அவர் காலமானார் என அல்பீரூனி குறித்துள்ளார். ஈரானில் தடுப்பூசி தயாரிக்கும் ஆய்வு நிறுவனம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

முடிவுரை

அர்ராஸியின் கருத்துகள் பலவற்றைக் காலம் கடந்து சென்றுவிட்டது. காலனின் கூற்றுகளையே ஐயுற்று நூல் எழுதிய அவர், தம் கூற்றுகளைப் பின்வந்தோர் திருத்துவதை வெறுத்திருக்க மாட்டார். கண்டதை உள்ளவாறு எழுதுதல், ஐயத்தைச் சோதித்துத் தெளிதல், கற்றதை மருத்துவர் இல்லாத வீட்டிற்கும் கொண்டு செல்லுதல் ஆகியன அவர் விட்டுச் சென்ற செல்வங்கள். கல்லூரியில் பயிலும் நம் மாணவ மாணவியருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற இருப்போர். அவர்கள் இவ்விடுமுறையில் வீடு செல்லும்போது, தம் பெற்றோரின் மருந்துச் சீட்டுகளை ஒழுங்குபடுத்தி ஒரு கோப்பில் இடுவார்களாக. தம்பி தங்கையரின் தடுப்பூசி அட்டையைச் சரிபார்ப்பார்களாக. காப்பீட்டு ஆவணத்தைப் படித்துப் பொருள் கூறுவார்களாக. தாம் பெற்ற கல்வியால் வீட்டாருக்கு அவர்கள் செய்யும் முதற்பணி அதுவாகட்டும்.